ஓடும் சக்கரத்துக்கு ஆர்டர் அனுப்பாதீர்கள்

டெலிவரி, வாடகை வண்டிச் செயலிகளை உருவாக்கும் மென்பொருள் குழுக்களுக்கும், அவற்றின் விதிகளை வகுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

செல்பேசியால் கவனம் சிதறி நடக்கும் விபத்துகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஓட்டுநரைத்தான் கைகாட்டுகிறோம். "ஓட்டும்போது போனைத் தொடாதே" என்பது சொந்த வேலைக்காக வண்டி ஓட்டுபவருக்குப் பொருந்தும் அறிவுரை. உங்கள் செயலியில் லாகின் செய்துவிட்டு ரோட்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அவர் போனைத் தொடாவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மணியடித்து, வினாடிகளை எண்ணிக் காட்டி, உடனே பதில் சொல் என்று கேட்பது நீங்கள் எழுதிய நிரல். இந்த மடல் அந்த நிரலைப் பற்றியது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. வண்டி ஓடும்போது அதை ஓட்டுபவருக்கு ஆர்டர் திரையைக் காட்டாதீர்கள். அதற்குத் தேவையான தகவல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. சில வினாடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு ஓட்டுநரின் இருப்பிடத்தையும் உங்கள் செயலி சர்வருக்கு அனுப்புகிறது. பெரும்பாலும் வேகமும் அதோடு சேர்ந்தே வருகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவருக்குத்தான் இந்த ஆர்டரை அனுப்புகிறோம் என்பது, அனுப்பும் கணத்திலேயே உங்கள் கணினிக்குத் தெரியும்.

அந்தக் கணத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் மேப் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று அதை மூடிக்கொண்டு ஓர் அட்டை எழும்புகிறது. மேலே சுருங்கிக்கொண்டே வரும் ஒரு வளையம். நடுவில் எங்கே எடுக்க வேண்டும், எவ்வளவு தூரம், எவ்வளவு கூலி. கீழே சின்ன எழுத்தில் எங்கே இறக்க வேண்டும். அதற்கும் கீழே, இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டிய பட்டை. இதை ஒரே பார்வையில் யாராலும் படிக்க முடியாது. அட்டையைப் பார்க்கிறார், ரோட்டைப் பார்க்கிறார், மறுபடி அட்டை, மறுபடி ரோடு. தூரத்தையும் கூலியையும் மனதுக்குள் கணக்குப் போடுகிறார். பிறகு ஒரு கையை எடுத்துத் தள்ளுகிறார். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 11 மீட்டர். வளையத்துக்கு 15 வினாடி வைத்திருந்தால், அது காலியாவதற்குள் வண்டி 165 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அவர் பார்க்க வேண்டிய திருப்பம் அதற்குள்ளேயே எங்கோ வந்து போயிருக்கும், அதைக் காட்ட வேண்டிய மேப்போ அட்டைக்கு அடியில்.

மழையில் நிலைமை இன்னும் மோசம். தொடுதிரை விரலின் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. திரையில் தண்ணீர்த் துளிகள் இருந்தால் அவற்றையும் தொடுகை என்று எடுத்துக்கொள்ளும், அல்லது விரல் பாதி வழியில் தொடர்பை இழக்கும். பட்டையை முழுவதும் தள்ளினால்தான் ஏற்றதாகக் கணக்கு என்றால், நனைந்த திரையில் மூன்று நான்கு முறை தள்ள வேண்டிவரும், அதுவும் அதிரும் ஹேண்டில்பாரில், ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு. தவறுதலாகத் தொட்டு ஏற்றுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் தள்ளும் பட்டையை வைத்திருப்பீர்கள். நின்றுகொண்டிருப்பவருக்கு அது நல்ல வடிவமைப்பு. ஓடுகிறவருக்கு அதைவிடக் கெட்டது இல்லை.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் காருக்குள் பொருத்தப்படும் திரைகளுக்காக 2013ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வேலைக்காக ஓட்டுநர் திரையைப் பார்க்கும் ஒரு பார்வை 2 வினாடிக்கு மேல் நீளக் கூடாது, அந்த வேலை முடியும்வரை பார்த்த நேரம் மொத்தம் 12 வினாடியைத் தாண்டக் கூடாது என்பது அதன் அளவுகோல். கார் கம்பெனிகள் தங்கள் திரையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கின்றன. உங்கள் ஆர்டர் அட்டையை அதில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? 2009ல் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், லாரி ஓட்டுநர்களைக் கேமராவில் கவனித்தபோது, குறுஞ்செய்தியில் ஈடுபட்டவர்களின் கண் 6 வினாடி இடைவெளியில் 4.6 வினாடி ரோட்டில் இல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர் தூரம். ஆர்டர் அட்டையும் ஒரு குறுஞ்செய்திதான், பதிலுக்குக் கெடு வைத்த குறுஞ்செய்தி.

சட்டத்துக்கு உட்பட்டுத்தானே நடக்கிறோம், போன் ஹோல்டரில்தானே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். பல நாட்டுச் சட்டங்கள் கையில் பிடித்த போனைத்தான் தடுக்கின்றன. 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் பிற்பாடு சேர்த்த விதியும் கையில் பிடித்த போனைப் பற்றியதுதான். ஹோல்டர் கையை விடுவிக்கிறது. கண்ணையும் மனதையும் அது விடுவிப்பதில்லை.

சாதாரணப் போன்களில் இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றவர்களுக்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை இருந்தது. போன் ஓடும் வண்டிக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சுலபம். அது ஓட்டுபவரின் போனா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் போனா, பஸ்ஸில் போகிறவரின் போனா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். இதற்காக என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். 2011ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காரின் இடது, வலது ஸ்பீக்கர்களிலிருந்து மிக உயர்ந்த சுருதியில் சிறு ஒலிகளை அனுப்பி, எது முதலில் போனை வந்தடைகிறது என்று அளந்து, போன் எந்தப் பக்க இருக்கையில் இருக்கிறது என்று கணித்தார்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி ஆகும். அந்த வித்தியாசத்தைப் பிடித்தார்கள். வளைவில் திரும்பும்போது உள்பக்க இருக்கைக்கும் வெளிப்பக்க இருக்கைக்கும் இடையே வரும் முடுக்க வேறுபாட்டை வைத்தும் முயன்றிருக்கிறார்கள். ஐபோனில் 2017ல் ஐஓஎஸ் 11 உடன் வந்த ஓட்டுநர் அமைதி முறை வேறு வழியில் போனது. அது தானாகவே அறிவிப்புகளை அடக்கும். "நான் ஓட்டவில்லை" என்று பயணி ஒரு பொத்தானை அழுத்தி விலகிக்கொள்ளலாம். பஸ்ஸிலும் ரயிலிலும் போன் அடிக்கடி ஊமையாகிவிட்டால் மக்கள் அந்த வசதியையே நிரந்தரமாக அணைத்துவிடுவார்கள். இதுதான் பொதுவான போன்களுக்கு உள்ள உண்மையான இடர்.

உங்களுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. உங்கள் ஓட்டுநர் செயலியில் "பணியில்" என்று பச்சை விளக்கோடு இருப்பவர்தான் வண்டியை ஓட்டுகிறார். ஆய்வாளர்கள் பல வருடம் மல்லுக்கட்டிய கேள்விக்கு உங்களிடம் லாகினிலேயே பதில் இருக்கிறது. அதனால்தான் போன் தயாரிப்பாளர்களுக்கு முன்னால் உங்களிடம் வருகிறோம்.

இனி, செய்வது எப்படி என்று சொல்கிறோம்.

வண்டியை மூன்று நிலைகளில் வையுங்கள்: ஓட்டம், இடைநிற்பு, ஓய்வு. நம்பத்தக்க ஒரு வேக அளவு மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டினால் உடனே "ஓட்டம்". 4 கிலோமீட்டருக்குக் கீழே தொடர்ந்து 8 வினாடி இருந்தால் "இடைநிற்பு". எடுக்கும் இடத்துக்கோ இறக்கும் இடத்துக்கோ 60 மீட்டருக்குள் நின்றாலோ, எங்கானாலும் 45 வினாடிக்கு மேல் அசையாமல் நின்றாலோ "ஓய்வு". நுழைய 10, வெளியேற 4 என்று இரண்டு எண்களை வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே எண்ணை வைத்தால், நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டி அந்த எண்ணுக்கு மேலும் கீழுமாகப் போய்வந்து, அட்டை எழும்புவதும் மறைவதுமாகத் திரை மினுக்கிக்கொண்டே இருக்கும். அது ஓட்டுநரின் கண்ணை இன்னும் இழுக்கும். இந்த எண்கள் எங்கள் தொடக்கப் பரிந்துரை. உங்கள் வண்டி வகைக்கு ஏற்ப ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

முழு ஆர்டர் அட்டை ஓய்வில் மட்டும் வரட்டும். இடைநிற்பில் குரல் மட்டும். ஓட்டத்தில் எதுவும் வேண்டாம்.

சிக்னலில் நிற்பதை ஏன் ஓய்வாக எடுக்கக் கூடாது என்று கேட்பீர்கள். சிக்னலில் அட்டையைப் படித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு பச்சையாகும், பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள், மனம் இன்னும் கணக்கிலேயே இருக்க வண்டி நகரும். டேவிட் ஸ்ட்ரேயர் தலைமையில் யூட்டா பல்கலைக்கழகக் குழு 2015ல் வெளியிட்ட ஆய்வு, குரல் கட்டளை வேலை முடிந்த பிறகும் ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்ப 27 வினாடி வரை ஆகலாம் என்று காட்டியது. ஆகவே அட்டை திறந்திருக்கும்போது வண்டி நகர ஆரம்பித்தால் அட்டை மறைய வேண்டும், வினாடி எண்ணிக்கை அங்கேயே உறைய வேண்டும், அடுத்த ஓய்வில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

இதில் சறுக்கும் இடங்கள் எங்கே என்றும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் தோற்கக்கூடியது. ஐபோனில் வேகம் தெரியாதபோது இருப்பிடப் பதிவில் வேகம் கழித்தல் எண்ணாக வரும். "4க்குக் குறைவா?" என்று மட்டும் கேட்கும் நிரலில் கழித்தல் 1 நன்றாகவே தேறிவிடும், 60ல் ஓடும் வண்டி நிற்பதாகப் பதிவாகி, அட்டை எழும்பும். ஆண்ட்ராய்டில் வேகம் இல்லாதபோது பூஜ்யம் வரும். அதுவும் நிற்பது போலவேதான் தெரியும். வேகம் உண்மையில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அதற்கென்று தனி நிரல் கட்டளை இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் வேகத்தின் துல்லியத்தையும் கேட்டு வாங்கலாம். தெரியாத வேகத்தை ஓட்டமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், நிற்பதாக எடுக்காதீர்கள். சுரங்கப்பாதையில் ஜிபிஎஸ் சிக்னல் போனாலும் இதே விதி: வேகம் மறுபடி தெரியும்வரை ஓட்டமாகவே இருக்கட்டும்.

இரண்டு இருப்பிடப் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை நேரத்தால் வகுத்து வேகம் கண்டுபிடிக்காதீர்கள். உயரமான கட்டிடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் அலை சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நிற்கும் வண்டியின் புள்ளி 20 மீட்டர் தாவும். 5 வினாடிக்கு ஒரு பதிவு என்றால் அது மணிக்கு 14 கிலோமீட்டர் வேகமாகத் தெரியும். போனின் ஜிபிஎஸ் சில்லு செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து நேரடியாகக் கணக்கிட்டுத் தரும் வேகம் இதைவிட எவ்வளவோ நம்பகமானது. அதிர்வு உணரியை மட்டும் நம்புவதும் ஆகாது. நிறுத்திவைத்த இருசக்கர வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலே போன் அதிரும்.

முடிவை சர்வரிடம் மட்டும் விடாதீர்கள். சர்வருக்குத் தெரிந்த வேகம் சில வினாடி பழையது. நெட்வொர்க் தடுமாறினால் இன்னும் பழையது. சர்வர் நிற்பவரைத் தேர்ந்தெடுக்கட்டும், திரையில் வரைவதற்கு முந்தைய கணத்தில் போன் இன்னொரு முறை வேகத்தைப் பார்க்கட்டும். எண்ணிக்கையும் சர்வர் அனுப்பிய நேரத்திலிருந்து ஓடக் கூடாது, திரையில் தெரிந்த நேரத்திலிருந்து ஓட வேண்டும். இல்லையென்றால் நெட்வொர்க் தாமதத்தில் பாதி நேரம் கரைந்து, ஓட்டுநர் இன்னும் பதறுவார்.

இடைநிற்பில் வரும் குரல் குறுகியதாக இருக்கட்டும். ஒரு மணி, பிறகு எடுக்கும் இடம், தூரம், கூலி. 6 வினாடிக்குள் முடிய வேண்டும். மேப் குரல் பேசிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருங்கள். அடுத்த திருப்பம் 150 மீட்டருக்குள் இருந்தால் பேசவே வேண்டாம். ஏற்பதற்கு ஹெட்செட்டின் ஒற்றைப் பொத்தான் போதும். வாயால் "சரி" சொல்ல வைப்பது இருசக்கர வண்டியில் சரிப்படாது. ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலில் போனுக்குச் சொல் விளங்காது, ஓட்டுநர் திரும்பத் திரும்பக் கத்துவார், கடைசியில் திரையைத்தான் தொடுவார். குரல் வந்துவிட்டதால் ஆபத்து போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். 1997ல் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில், போன் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் தனிப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. அதனால்தான் ஓட்டத்தில் குரல்கூட வேண்டாம் என்கிறோம்.

ஆர்டர் இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு ஆர்டர் எப்படிக் கொடுப்பது? முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் விதிகளை நின்ற இடத்திலேயே அவர் எழுதி வைக்கட்டும். எடுக்கும் தூரம் இவ்வளவுக்குள், கூலி இதற்கு மேல், இந்தத் திசை மட்டும். பொருந்தும் ஆர்டர் தொடாமலே அவர் கணக்கில் சேரட்டும். மேப் வழி மட்டும் மாறட்டும். அடுத்து எங்கே நிற்கிறாரோ அங்கே பார்த்து, வேண்டாம் என்றால் தண்டனையில்லாமல் தள்ளிவிடும் உரிமை அவருக்கு இருக்கட்டும். இந்தக் கடைசி வரி இல்லாமல் மேலே சொன்னதைச் செய்தால், அது ஆளைக் கட்டிப்போடும் ஏற்பாடாகிவிடும். எங்கள் பெயரைச் சொல்லி அதைச் செய்யாதீர்கள்.

தண்டனை என்றதும் ஏற்பு விகிதம் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் சொல்லாமல் விட்ட ஒவ்வோர் ஆர்டரும் மறுப்பாகக் கணக்காகி, விகிதம் குறைந்து, நல்ல ஆர்டர்கள் வருவது குறையும் என்ற பயம் இருக்கும்வரை எந்த விழிப்புணர்வு வாசகமும் பலிக்காது. 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது போய்ச் சேர்ந்த ஆர்டர் எதுவும், தொழில்நுட்பக் கோளாறால் போயிருந்தாலும்கூட, விகிதக் கணக்கில் ஏற்றவற்றின் எண்ணிக்கையிலும் வரக் கூடாது, மொத்த எண்ணிக்கையிலும் வரக் கூடாது. அதை ஓட்டுநருக்கும் செயலியிலேயே எழுத்தில் காட்டுங்கள். அவருக்குத் தெரியாத சலுகை அவர் கையை ஹேண்டிலில் நிறுத்தாது.

வாடிக்கையாளரின் அழைப்பு அடுத்தது. "எங்கே வந்துட்டிருக்கீங்க?" என்ற ஒரு கேள்விக்காக ஓடும் வண்டியில் போன் அடிக்கிறது. இருவரின் எண்ணையும் மறைத்து அழைப்பை உங்கள் இணைப்பகம் வழியாகத்தான் கொடுக்கிறீர்கள் என்றால், அந்த அழைப்பைப் பிடித்து வைக்கவும் உங்களால் முடியும். "வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, நின்றதும் அழைப்பார், அவசரம் என்றால் 1 அழுத்துங்கள்" என்று ஒரு பதிவுக் குரல் போதும். ஐபோனின் ஓட்டுநர் முறையிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது. தானியங்கிப் பதில் போன பிறகு, அவசரம் என்று குறிப்பிட்ட ஒரு சொல்லை அனுப்பினால் செய்தி உள்ளே வரும். செய்திகளை நின்ற பிறகு கொடுங்கள். கதவு எண், எந்த மாடி, எந்தப் பக்கத்து வாசல் என்பதையெல்லாம் ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்கிவிட்டால் பாதி அழைப்புகள் தேவைப்படாது.

போனின் அமைப்புகளோடு சண்டை போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். ஓட்டுநர் தானாக முன்வந்து அமைதி முறையைப் போட்டிருந்தாலும், பிற செயலிகளுக்கு மேலே வரையும் அனுமதியை வாங்கி அட்டையைத் திணிப்பதை நிறுத்துங்கள். பூட்டிய திரையை முழுவதும் ஆக்கிரமிக்கும் அறிவிப்பை ஆண்ட்ராய்டு 14 அழைப்பு, அலாரம் செயலிகளுக்கு மட்டும் என்று சுருக்கியதற்குக் காரணமே இப்படிப்பட்ட பயன்பாடு கட்டுமீறியதுதான் என்பது எங்கள் கருத்து. எந்த நிலையிலும் அட்டை திருப்ப அம்புக்குறியை மறைக்கக் கூடாது. திரையின் கீழ்க் கால் பகுதியில் அடங்கட்டும். தள்ளும் பட்டையை எடுத்துவிட்டு 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பொத்தானை வையுங்கள். நின்றவருக்கு மட்டுமே அது தெரியும் என்பதால் தவறிப் பட்டுவிடும் என்ற கவலையும் குறையும்.

ஹோல்டர் தருவதாக இருந்தால் அதிர்வைத் தாங்கும் ரப்பர் அடுக்கு உள்ளதாகக் கொடுங்கள். அதிகத் திறன் கொண்ட மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் காலப்போக்கில் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021ல் எச்சரித்தது. கேமரா கெட்டால் ஒப்படைப்புப் படம் எடுக்க முடியாமல் ஓட்டுநர் போனைக் கழற்றிப் பையில் வைப்பார், பிறகு ஓடும்போதே வெளியே எடுப்பார்.

தாமதமாகும், சாப்பாடு ஆறிவிடும் என்ற வாதத்தையும் எண்ணிப் பார்த்தோம். ஓர் ஆர்டருக்கு அருகில் பலர் இருக்கும்போது, நிற்பவருக்கு முதலில் கொடுத்தால் தாமதமே இல்லை. எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தால் 60 வினாடி பிடித்து வையுங்கள். நெரிசலான ரோட்டில் அதற்குள் யாராவது ஒருவர் நின்றுவிடுவார். நெடுந்தூர ட்ரிப்பில் இருப்பவருக்கு அடுத்த ட்ரிப்பை, பயணி இறங்கியதும் காட்டுங்கள். இது எங்கள் ஊகம்தானே என்றால் சோதித்துப் பாருங்கள். ஓட்டுநர்களில் ஒரு பாதிக்குப் புதிய முறை, மறு பாதிக்குப் பழைய முறை என்று நான்கு வாரம் ஓட்டுங்கள். அளக்க வேண்டியவை: 100 கிலோமீட்டருக்கு, 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நடந்த திரைத் தொடுகைகள், ஒரே வினாடியில் வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் சரிந்த திடீர் பிரேக்குகள், ஆர்டர் வந்ததிலிருந்து ஏற்கும்வரை ஆன நேரம், ஒப்படைப்பு நேரம். தொடுகைப் பதிவோடு வேகத்தையும் சேர்த்து எழுதினால் போதும், கேமரா எதுவும் தேவையில்லை, ஓட்டுநரின் முகத்தைப் படம் பிடிக்கவும் வேண்டாம். அந்த எண்களால் ஓட்டுநருக்கு மதிப்பெண் போடாதீர்கள். அவை உங்கள் செயலிக்கான மதிப்பெண்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடந்த 7 நாளில் அனுப்பிய ஆர்டர்களின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும், அனுப்பிய நேரத்துக்கு மிக அருகில் உள்ள வேகப் பதிவைச் சேருங்கள். 10 வினாடிக்கு மேல் பழைய பதிவுகளையும், கழித்தல் எண்களையும், வேகம் பதிவாகாத பூஜ்யங்களையும் தனியாக ஒதுக்குங்கள். மீதியில் 10 கிலோமீட்டருக்கு மேல் எத்தனை, 40க்கு மேல் எத்தனை, ஒதுக்கியவை எத்தனை என்று மூன்று எண்கள் கிடைக்கும். அந்த மூன்றையும் வெளியிடுங்கள். அடுத்த மாதமும் இதே கணக்கைப் போட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
செல்பேசி மென்பொருளிலும் ஓட்டுநர் பயிற்சியிலும் வேலை செய்பவர்கள்